கடை நோட்டில் ஏறும் எண்

மீட்டர் ரிப்பேர் என்று போர்டு மாட்டி உட்கார்ந்தால் மூன்று விதமான ஆட்கள் வருவார்கள். முள் ஆடுகிறது என்று ஒருவர் வருவார். கிலோமீட்டர் ஓடவில்லை என்று இன்னொருவர் வருவார். மூன்றாமவர் வண்டியை எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டு, கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே வருவார். டீ சொல்லட்டுமா என்று அவரே கேட்பார். டீ வந்த பிறகுதான் விஷயம் வரும்: "அண்ணே, வண்டியக் குடுத்துடலாம்னு இருக்கேன். கொஞ்சம் கொறைச்சு வெச்சீங்கன்னா..."

முதல் இரண்டு பேருக்கு என்ன செய்வது என்பதைப் பழக வருகிற பையன்கள் சில மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாமவருக்கு என்ன பதில் சொல்வது என்று பிடிபடத்தான் நாளாகும். அவர் கேட்கிற வேலையும் நாம் அன்றாடம் நியாயமாகச் செய்கிற வேலையும் ஒரே கருவியில், ஒரே கையசைவில் நடப்பவை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கேபிள்.

நான் பழகியது புதுப்பேட்டையில், ஒரு பாயிடம். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகளுக்கு நடுவே இரண்டு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற இடம். சுவரெல்லாம் ஆணி, ஆணிக்கு ஒரு மீட்டர். ராஜ்தூத், புல்லட், யெஸ்டி, சேத்தக், ஆர்எக்ஸ் 100 என்று அன்றைக்கு ஓடிய எல்லாமே கேபிள் மீட்டர்தான். பெரும்பாலானவற்றில் முன் சக்கர ஹப்பில் ஒரு வார்ம், அதோடு கடிக்கிற ஒரு பினியன், பினியனில் செருகிய கேபிள். மேல் முனை மீட்டருக்குள் போகும். இவ்வளவுதான் வண்டிக்கும் மீட்டருக்கும் உறவு. இதில் பாதிப் புகார் கேபிளோடு முடிந்துவிடும். மீட்டரைத் திறக்கவே வேண்டியதில்லை.

ஆனால் திறக்கத்தான் எல்லாக் கையும் துடிக்கும். முள் ஆடுகிறது என்றதும் ஸ்குரூ டிரைவரை எடுக்கிற பையனின் கையைப் பாய் தட்டிவிடுவார். "கீழருந்து வா" என்பார். ஹப் பினியனில் பல் இருக்கிறதா, கேபிளின் சதுர முனை மழுங்கிவிட்டதா, வெளி உறை எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா, உள்கம்பி காய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேலே வர வேண்டும். காய்ந்த கம்பி உறைக்குள் விட்டு விட்டுச் சுற்றும், அதனால் முள் ஆடும். கிரீஸ் போட்டால் சரியாகிவிடும். இங்கேதான் அடுத்த தப்பு நடக்கும். பையன் கம்பி முழுக்கக் கிரீஸ் பூசி உள்ளே விடுவான். ஓட ஓட அந்தக் கிரீஸ் கம்பியின் முறுக்கு வழியாக மேலே ஏறி மீட்டருக்குள் போய்க் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒட்டிக்கொள்ளும். பிறகு முள் எண்பதுக்கு எகிறிப் போய் அங்கேயே நிற்கும். கேபிளின் மேல்பக்கம் ஒரு ஜாண் நீளம் துணியால் துடைத்துக் காயவிட வேண்டும் என்பது பாய் கற்றுக்கொடுத்த முதல் சூட்சுமம். இன்றைக்கும் கேபிள் வண்டி வந்தால் இதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மீட்டருக்குள் இரண்டு காரியம் தனித்தனியாக நடக்கிறது. கேபிள் சுற்றுகிற தண்டின் தலையில் ஒரு காந்தம் இருக்கும். அதைத் தொடாமல் கவிந்தபடி ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து அதையும் கூடவே இழுக்கும். ஒரு மயிரிழை ஸ்பிரிங் கிண்ணத்தைப் போகவிடாமல் பிடிக்கும். இழுப்பும் பிடிப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். ஜெர்மனிக்காரர் ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. நம் ஊர் வண்டிகளில் அண்மைக்காலம் வரை அடிப்படை மாறாமல் ஓடியது.

கிலோமீட்டர் எண்ணுக்கும் இந்தக் காந்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அதே தண்டிலிருந்து பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்துக் குறைத்து எண் டிரம்களைத் திருப்புகின்றன. ஒரு டிரம் முழுச் சுற்று முடிக்கும்போது பக்கத்து டிரம்மை ஒரு எண் தள்ளிவிடும். காந்தம் வலுவிழந்து வண்டி ஐம்பதில் போகையில் முள் நாற்பது காட்டினாலும் கிலோமீட்டர் சரியாகவே ஓடும். "முள்ளு தப்பு, அப்ப கிலோமீட்டரும் தப்புதானே" என்று கேட்பவர்களுக்கு இதை எத்தனை முறை விளக்கினாலும் நம்ப மாட்டார்கள். அதனால் சுற்றிக் காட்டிவிடுவேன். டிரில் மெஷினில் கேபிள் துண்டைச் சொருகி மீட்டரை ஓட்டுவது. ஜப்பானிய அளவில் செய்த மீட்டராக இருந்தால் நிமிடத்துக்கு 1400 சுற்றில் முள் அறுபதில் நிற்க வேண்டும். அறுபதில் போகிற வண்டி ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போகும் என்பதால், கைக்கடிகாரத்தில் நிமிடம் முடியும்போது கிலோமீட்டர் எண் ஒன்று நகர்ந்திருக்க வேண்டும். முள்ளையும் எண்ணையும் ஒரே ஓட்டத்தில் சோதித்தாயிற்று. சில மீட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். டிரில்லை ரிவர்ஸில் போடாமல் ஓட்டினால் முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு மயிரிழை ஸ்பிரிங் சிக்கிக்கொள்ளும். சிக்கிய ஸ்பிரிங்கை எடுத்து நேராக்கப் பாயால்தான் முடிந்தது. எனக்கு இன்றைக்கும் பத்தில் பாதிதான் தேறும்.

பாயின் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீட்டரின் கண்ணாடியைப் பிடித்திருக்கிற ரிங் தகட்டை மடித்து அடித்தது. அவசரக்காரர்கள் ஒரே இடத்தில் நெம்பிக் கிழிப்பார்கள். அவர் மழுங்கலான கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு, மீட்டரை மடியில் சுற்றிச் சுற்றி, சுற்றுக்கு நூலளவு தூக்குவார். நாலைந்து சுற்றில் ரிங் தானாகக் கழன்று வரும். மூடும்போதும் அப்படியே, ஒரு மரக்கட்டையால் சுற்றிவர அழுத்துவார். மூடிய பிறகு திறந்ததாகவே தெரியாது. முள்ளை விரல் நுனியால் நாற்பது வரை தள்ளி விடுவார். நடுங்காமல், தயங்காமல் பூஜ்யத்துக்குத் திரும்பினால்தான் டயலை மாட்டுவார். எண்ணெய் விடத் தையல் ஊசி. ஊசி நுனியில் ஒட்டுகிற அளவுதான் ஒரு பிவட்டுக்கு. அதற்கு மேல் விட்டால் தூசி பிடித்துக் கெட்டியாகும் என்பார். வெயில் காலத்தில் மின்விசிறி ஓடாது, ஓடினால் டயல் மேல் தூசி விழும். பழக வந்த பாதிப் பேர் மே மாதம் ஓடிப்போய்விடுவார்கள்.

இப்போது அந்த மூன்றாமவர் விஷயம்.

ஒரு நாள் ஒருவர் புல்லட்டின் மீட்டரைத் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பல்சக்கரம் உடைந்து, டயல் துருவேறி, செலவு செய்தாலும் தேறாத நிலை. வேறு மீட்டர் போடலாம் என்று பாய் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்பா ஓட்டிய வண்டியாம். "அந்த எண்ணு மட்டும் போயிடக் கூடாதுண்ணே" என்றார். பாய் ஆணியிலிருந்து நல்ல நிலையில் ஒன்றை எடுத்துத் திறந்து, டிரம் தண்டைத் தூக்கி, எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பழைய மீட்டரில் இருந்த எண்ணையே அதில் வைத்தார். வைத்துவிட்டுக் கடை நோட்டைத் திறந்தார். தேதி, வண்டி நம்பர், பழைய மீட்டரில் இருந்த எண், புது மீட்டரில் வைத்த எண், காரணம். பக்கத்தில் அவரிடம் கையெழுத்து. பில்லிலும் அதே விவரம்.

டிரம்மைத் திருப்புகிற அந்தக் கையசைவும், விற்பதற்காகக் குறைக்கிறவன் செய்கிற கையசைவும் ஒன்றேதான். அவன் நோட்டில் எழுத மாட்டான், அதுதான் வித்தியாசம். பழக வருகிறவர்களிடம் நான் சொல்கிற முதல் விதியும் இதுவே: வண்டி வந்ததும் கை வைக்கும் முன் எண்ணை எழுது. முடிந்து போகும்போதும் எழுது. கேபிளுக்குக் கிரீஸ் போட வந்த வண்டியாக இருந்தாலும் எழுது. மீட்டரைக் கழற்றி மாட்டினால் வண்டிக்காரரே நேரில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

குறைக்கச் சொல்லி வருகிறவர்களைப் பாய் கோபித்துக்கொள்ள மாட்டார். வண்டிவரை நடந்துபோய் ஃபுட்ரெஸ்ட் ரப்பரைத் தடவிப் பார்ப்பார். "எண்ணை நான் கொறைச்சிடுறேன். இந்த ரப்பரை யார் வளர்த்துக் குடுப்பா?" என்பார். பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மீதிப் பேர் வேறு கடைக்குப் போவார்கள். நான் பையன்களிடம் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். முன்பு 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. எண் மாறினாலும் ஏமாற்று ஏமாற்றுதான்.

ஏற்றச் சொல்லி வருகிறவர்களும் உண்டு என்றால் புதுப் பையன்கள் நம்ப மாட்டார்கள். ஊர் ஊராக அலைகிற விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பெட்ரோல் படி கிடைக்கும். மாதக் கடைசியில் மீட்டர் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒருவர் வந்து, "ஒரு எண்ணூறு மட்டும் ஏத்திக் குடுங்கண்ணே, வீட்லயே உக்காந்து வேலை பாத்துட்டேன்" என்றார். பாய் டிரில் மெஷினைக் காட்டி, "இதுல மாட்டிட்டு நீயே அறுபதுல ஓட்டிக்கோ. பதிமூணு மணி நேரம் ஆவும். கரண்டு பில்லு உன்னுது" என்றார். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

யாரும் கை வைக்காமலே எண் தப்பாவதும் நடக்கும். மீட்டர் தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று பெருக்கிச் சொல்கிறது. 2.75-18 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.87 மீட்டர். கிலோமீட்டருக்கு 535 சுற்று வரும். பட்டன் ஐந்து மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு மூன்று சென்டிமீட்டர் குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் கூடச் சுற்றும். ஆயிரம் கிலோமீட்டர் போனால் மீட்டர் பதினேழு கிலோமீட்டர் அதிகம் காட்டும். எடுப்பாக இருக்கும் என்று 3.00 டயர் போட்டால் எதிர்ப்பக்கம்: நூறுக்கு இரண்டு குறையும். புது டயர் போட்ட மறுநாள் "மீட்டர் ஸ்லோவாயிடுச்சு" என்று வருகிறவரிடம் மீட்டரைக் கழற்றிக் காசு வாங்கினால் அது பாவம். நெடுஞ்சாலையில் காற்றுச் சரியாக அடித்துக்கொண்டு போய், கிலோமீட்டர் கல்லுக்குக் கல் பத்துக் கல் தூரம் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். நடுவில் இருக்கிற இருநூறு மீட்டர் சின்னக் கற்களை நம்ப வேண்டாம், பல இடங்களில் சாலையை அகலப்படுத்தும்போது பிடுங்கி நட்டிருக்கிறார்கள்.

2006 வாக்கில் பல்சரில் டிஜிட்டல் மீட்டர் வந்தபோது எங்கள் சந்தில் எல்லாரும் தொழில் முடிந்தது என்றார்கள். கேபிள் இல்லை, டிரம் இல்லை, திருப்ப ஒன்றுமில்லை. பாய் மட்டும் ஒரு செத்த மீட்டரை வாங்கிவந்து மேசையில் பிரித்துப் போட்டார். "இதுலயும் எங்கயோ எழுதித்தானே வெச்சிருப்பான்? அது எங்கன்னு பாரு."

எழுதி வைத்திருந்தது எட்டுக் கால் சிப் ஒன்றில். 93சி46, 24சி02 என்று மேலே பொடி எழுத்தில் இருக்கும். ஈப்ராம் என்போம். பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே இருப்பது அழியாது. சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ இருக்கிற ஹால் சென்சார் காந்தத்தின் ஒவ்வொரு கடப்புக்கும் ஒரு பல்ஸ் அனுப்பும். மீட்டரின் மூளைச் சிப் அதை எண்ணிக் கிலோமீட்டராக்கி ஈப்ராமில் எழுதும். ஆனால் ஈப்ராமில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத முடியாது. ஓர் இடத்தில் பத்து லட்சம் முறை என்பது வழக்கமான உத்தரவாதம். பழைய சிப்களுக்கு ஒரு லட்சம்தான். நூறு மீட்டருக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால் ஒரு லட்சம் கிலோமீட்டரில் பத்து லட்சம் முடிந்துபோகும். அதனால் வடிவமைத்தவர்கள் இடம் மாற்றி மாற்றி எழுதுவார்கள். ஒரே எண்ணை இரண்டு மூன்று இடத்தில் எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற மீட்டரும் உண்டு. மளிகைச் சீட்டின் அடியில் கூட்டுத்தொகை போடுவதைப் போல எழுதியவற்றின் கூட்டுத்தொகையையும் எழுதி வைப்பார்கள். எழுதியதும் கூட்டுத்தொகையும் ஒத்துவராவிட்டால் எண் இருக்கிற இடத்தில் மீட்டர் கோடு கோடாகக் காட்டும், அல்லது எர்ரர் என்று நிற்கும்.

அரைகுறையாகக் கைவைத்த மீட்டர்கள் எங்களிடம் வந்து சேர்வது இப்படித்தான். யாரோ லேப்டாப்பை வைத்து ஓர் இடத்தில் மட்டும் எண்ணை மாற்றியிருப்பார்கள். சில நாள் நன்றாக ஓடும். பிறகு கோடு விழும். அப்போது வண்டி வேறொருவர் கைக்குப் போயிருக்கும். வாங்கியவர் வந்து நம்மிடம் அழுவார்.

எல்லாக் கோடும் திருட்டால் விழுவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சாகக் கிடக்கிற பேட்டரியோடு செல்ஃப் அடித்தால் வோல்ட் படுத்துவிடும். சரியாக அந்த நொடியில் மீட்டர் ஈப்ராமில் எழுதிக்கொண்டிருந்தால் பாதி எழுத்தில் நின்றுபோகும். அடுத்த முறை கூட்டு ஒத்துவராது. நேர் எதிரான கேடும் உண்டு. சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ஆர்ஆர் யூனிட் கெட்டால் பதினான்கரையில் நிற்க வேண்டிய வோல்ட் பதினேழு, பதினெட்டுக்கு ஏறும். மீட்டரின் ரெகுலேட்டர் எரியும். ஒரு வண்டி வந்தது. வேறோர் இடத்தில் அடுத்தடுத்து இரண்டு புது மீட்டர் போட்டிருந்தார்கள், இரண்டும் சில நாளில் செத்துவிட்டன. வண்டிக்காரர் மீட்டர் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வந்தார். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, திராட்டிலைக் கொஞ்சம் கொடுத்து, பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்ததும் கதை தெரிந்துவிட்டது. டிஜிட்டல் மீட்டர் புகார் எதுவானாலும் முதலில் பேட்டரி முனை. பாய் சொன்ன "கீழருந்து வா" இங்கேயும் செல்லும்.

சென்சார் எங்கே இருக்கிறது என்று தெரியாத வண்டிக்கு ஒரு சுலப வழி. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் போட்டு விடுங்கள். செயின் பக்கம் விரலோ துணியோ போகக் கூடாது. மீட்டரில் வேகம் ஏறினால் சென்சார் கியர்பாக்ஸிலோ பின் சக்கரத்திலோ இருக்கிறது. ஏறாவிட்டால் முன் சக்கரம். இது தெரியாமல் முன் ஹப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். கியர்பாக்ஸில் எண்ணுகிற வண்டியில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிக்கப்புக்காக முன் ஸ்பிராக்கெட்டைப் பதினைந்து பல்லிலிருந்து பதினான்காக மாற்றினால், நூறு கிலோமீட்டர் போனதற்கு நூற்றேழு காட்டும். சென்சார் ஸ்பிராக்கெட்டுக்கு முன்னாலேயே எண்ணிவிடுகிறது, அதற்குப் பின்னால் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. பெரும்பாலான கேபிள் மீட்டர்களில் வண்டியைப் பின்னால் தள்ளினால் எண்ணும் கொஞ்சம் பின்னால் போகும். ஹால் சென்சாருக்குத் திசை தெரியாது. முன்னே தள்ளினாலும் பின்னே தள்ளினாலும் அது கூட்டிக்கொண்டேதான் போகும்.

வாட்டர் வாஷ்தான் டிஜிட்டல் மீட்டருக்கு எமன். பிரஷரில் அடிக்கிற தண்ணீர் சாக்கெட் வழியே உள்ளே போய்ப் பச்சை பூத்துவிடும். போர்டைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷுமாக உட்கார வேண்டும். தேய்ப்பதற்கு முன் போர்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்சிடி கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை ஒன்று இருக்கும், ஜீப்ரா என்போம். அதைத் தொட்ட விரலின் எண்ணெய்ப் பிசுக்கே எண்ணின் இடப்பக்கக் கோடு இரண்டையும் அழித்துவிடும். எட்டு மூன்றாகத் தெரியும். அப்படி ஒரு வண்டி வந்தது, எண்பதாயிரம் முப்பதாயிரமாகத் தெரிந்தபடி. பாவம், அவருக்கு அதில் சந்தோஷம்தான். பட்டையைத் துடைத்து வைத்து, ஸ்குரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியதும் எண்பது திரும்பி வந்தது. முகம் வாடிப் போனார்.

போர்டு முழுக்கப் போய்விட்டது, சிப் மட்டும் உயிரோடு இருக்கிறது என்றால் அதே மாடல் போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பழைய சிப்பை அதில் மாற்றிவிடலாம். எண்ணும் கூடவே வந்துவிடும். பாய் டிரம் வைத்த அதே வேலை இது. ஒன்றாம் கால் எந்தப் பக்கம் என்று புள்ளியைப் பார்த்து மார்க் செய்யுங்கள். எடுக்கும் முன் சிப்பை இருமுறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, வண்டி நம்பரோடு பத்திரப்படுத்துங்கள். ஃபிளக்ஸ் தாராளமாகப் போட்டால் சூடு குறைவாகப் போதும். சில மீட்டர்களில் தனி ஈப்ராமே இருக்காது, எண் மூளைச் சிப்புக்குள்ளேயே இருக்கும். அதற்குப் புது மீட்டர்தான், பூஜ்யத்திலிருந்துதான். அந்த இடத்தில் சாமர்த்தியம் காட்ட வேண்டாம். பழைய எண் இன்னது, இன்ன தேதியில் மாற்றியது என்று பில்லில் எழுதிக் கொடுத்து, ஆர்சி நகலோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விற்கும்போது அந்தப் பில்தான் அவர் மானத்தைக் காப்பாற்றும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்து கார்புரேட்டர் அநேகமாக ஓய்ந்த பிறகு பல வண்டிகளில் மீட்டர் தனியாள் இல்லை. எஞ்சினுக்கு இசியு, பிரேக்குக்கு ஏபிஎஸ் பெட்டி, மூன்றும் ஒரே ஜோடிக் கம்பியில் பேசிக்கொள்கின்றன. பல வண்டிகளில் ஏபிஎஸ்ஸின் பல்வளையம் எண்ணுவதைத்தான் மீட்டரே வாங்கிக்கொள்கிறது. எஞ்சின் லைட் எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியது, ஃபால்ட்டை அழித்த பிறகு எவ்வளவு தூரம் என்று ஸ்கேனரில் தனியாகப் படிக்க முடிகிற வண்டிகள் உண்டு. எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று வைத்திருப்பவையும் உண்டு. எனக்குக் கிலோமீட்டரைவிட அந்த மணிக்கணக்கின் மேல்தான் நம்பிக்கை. சராசரி இருபது வேகத்தில் சிட்டிக்குள் உருட்டினால் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு எஞ்சின் ஆயிரம் மணி நேரம் ஓடியிருக்கும். வெளியூர்ச் சாலையில் ஐம்பதில் போயிருந்தால் நானூறு மணிதான். மீட்டரில் இரண்டும் ஒரே எண். எஞ்சினைத் திறந்தால் ஒன்றாக இருக்காது.

ஸ்கேனர் இல்லாமலே வண்டியைப் படிக்கத் தெரிய வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சிலர் மெக்கானிக்கோடு என்னையும் கூப்பிடுவார்கள். ஒருமுறை மீட்டரில் பதினான்காயிரம் இருந்தது. டயரின் பக்கவாட்டில் வாரமும் வருஷமுமாக நான்கு இலக்கம் அடித்திருப்பார்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். வண்டியைவிட இரண்டு டயரும் மூன்று வருஷம் இளையவை. பதினான்காயிரத்தில் யாரும் இரண்டு டயரையும் மாற்றுவதில்லை. டிஸ்க்கின் ஓரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு விளிம்பு. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நேராக இருக்கும் இடத்தில் பள்ளத்தில் விழுகிற மாதிரி ஓர் உணர்வு, ஹேண்டில் பேரிங்கான டி-கோன் போய்விட்டது. பின் பிரேக் பெடலின் முனை கண்ணாடியாகப் பளபளத்தது. விற்கிறவர், "பெடல் மெட்டீரியலே அப்படிதான் சார்" என்றார். நான் மீட்டரைத் தொடவே இல்லை. வாங்க வந்தவர் எழுந்துவிட்டார்.

மின்சார ஸ்கூட்டரில் எங்களுக்கு வேலை குறைவு. திரையில் ஓர் எண், மோட்டார் கன்ட்ரோலரில் ஒன்று, பேட்டரி எத்தனை தடவை நிரம்பியது என்கிற கணக்கு ஒன்று, இன்டர்நெட்டோடு பேசுகிற வண்டியாக இருந்தால் கம்பெனியிடம் இன்னொன்று. திரை கெட்டால் கம்பெனிக்கே அனுப்பிவிடுகிறேன். சாக்கெட்டில் பச்சை பூத்தால் மட்டும் சுத்தம் செய்து தருவேன்.

பழக வருகிறேன் என்பவர்கள் முதலில் லேப்டாப்பையும் சிப் புரோகிராமரையும் வாங்கிவிட்டு வந்து நிற்கிறார்கள். அவை கடைசியில் வாங்க வேண்டியவை. சூடு கட்டுப்படுத்தக்கூடிய சோல்டரிங் அயர்ன் ஒன்று, விலையைப் பார்க்காமல் நல்லதாக வாங்குங்கள். மல்டிமீட்டர், ஐந்து ரூபாய்த் தையல் ஊசி, கடிகார எண்ணெய், மழுங்கின கத்தி, கோடு போட்ட நீள நோட்டு. புதுப்பேட்டைக்குப் போனால் செத்த மீட்டர்களைக் குப்பை விலைக்குப் பேசி அள்ளிக்கொண்டு வரலாம், கேபிள் மாடல் பாதி, டிஜிட்டல் பாதியாகப் பொறுக்குங்கள். ரிங் கிழியாமல் திறந்து மூடிய மீட்டர் நாலைந்து சேர்ந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் கூட்டம் இருக்கும்.